மூன்றாவது வாக்கியம்

தாளில் பதினேழு வாக்கியம் இருந்தது. அவள் எழுதியது பதினைந்து.

எண்ணுவதில் அவள் தப்பு செய்ய மாட்டாள். பதினாறு வருஷமாக ஒரு பதிப்பகத்தில் அடுத்தவர் எழுத்தைத் திருத்திப் பிழைக்கிறவள். நாற்காலியை விட்டு எழும் முன் வாக்கியங்களை எண்ணி, தாளின் வலது மூலையில் பென்சிலால் எண்ணைப் போட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடாமல் எழுந்ததே கிடையாது. நேற்று சாயங்காலமும் போட்டிருந்தாள். பதினைந்து, சுற்றி வட்டம். வட்டம் அப்படியே இருந்தது. ஆனால் கடைசிப் பத்தியின் வாலில் கூடுதலாக இரண்டு வாக்கியம், அவள் பேனாவின் அதே நீலத்தில், அவள் கையெழுத்தின் அதே சாய்வில், சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

ஃப்ரிட்ஜ் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது, குழாய் எப்போதும்போல் நாலைந்து நொடிக்கு ஒரு சொட்டு விட்டது, மேல் வீட்டில் யாரோ நாற்காலியைத் தரையில் இழுத்தார்கள், அக்கா குளித்துவிட்டு வந்த சோப்பு வாசனையும் அவளுடைய வெள்ளைக் கோட்டை எத்தனை தடவை துவைத்தாலும் போகாத ஸ்பிரிட் வாசனையும் கலந்து சமையலறையின் அந்தச் சின்ன மேசை வரைக்கும் வந்தன. எல்லாம் தினப்படி காலைதான். அந்த இரண்டு வாக்கியத்தைத் தவிர. அவள் மறுபடி படித்தாள்.

'பேச்சை நிறுத்தும் முன் அவள் விரல்கள் மேசையை இரண்டு முறை தட்டின, தோலுக்கடியில் ஓடும் நரம்பை மரத்திலும் தேடுகிறவளைப்போல. நகங்கள் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தன, கையுறையின் வெள்ளைப் பொடி, கழுவியும் போகாமல், அவற்றின் ஓரங்களில் தங்கியிருந்தது.'

முதலில் வந்தது பயம் இல்லை, பொறாமை. என்ன வாக்கியம்டா சாமி! இப்படி ஒன்றை எழுதிவிட்டு மறக்க முடியுமா யாராலாவது? அவள் எழுதியிருந்தால் ராத்திரி தூங்கியே இருக்க மாட்டாளே.

"அக்கா, என் தாள்ல ஏதாவது எழுதினியா?"

"ஆமாண்டி, எழுந்ததும் பல்லு கூட வெளக்காம ஒரு நாவல் எழுதி முடிச்சிட்டுத்தான் எனக்கு மறுவேலை." அக்கா கண்ணாடி முன்னால் நின்று தலைக்கு க்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள். குத்தும் வரைக்கும் பேசுவாள், எடுக்கும்போதும் பேசுவாள், பஞ்சு வைத்து அனுப்பும்போதும் வாசல் வரைக்கும் பேச்சு போகும்.

"விளையாடாதே. ரெண்டு வாக்கியம் கூட இருக்கு."

"குறைஞ்சாதானே கவலைப்படணும்? கூடினதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிற? எங்க லேப்ல நேத்து ஒருத்தர், ரெண்டு சொட்டு கூட எடுத்துட்டேன்னு சண்டைக்கு வந்தார். திருப்பி ஊத்தவா சார்னு கேட்டேன். அப்புறம் பார்த்தா அவர்..."

"ஐயோ, கொஞ்ச நேரம் பேசாம இரேன் அக்கா!"

அக்கா சிரித்தாள். "நான் பேசாம இருந்தா நீதான் முதல்ல பயந்துக்குவே" என்றாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கிளம்பும்போது எப்போதும் செய்கிறபடி மேசையை விரலால் இரண்டு தட்டு தட்டினாள். "வர்றேன். சாப்பிட்டுட்டுப் போ." அவளுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது.

விரல், தட்டு, ஒட்ட வெட்டிய நகம். அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, அக்காவின் கைதான் அது. அதில் என்ன? நாவலின் கடைசி அத்தியாயத்தில் வருகிறவள் ஒரு நர்ஸ். அவள் எப்படி உட்காருவாள், எப்படி எழுவாள் என்று தெரியாமல் இரண்டு வாரமாக முழித்துக்கொண்டிருந்தவள், வேறு வழியில்லாமல் தலையை நிமிர்த்தி எதிரே இருந்த அக்காவைப் பார்த்து எழுத ஆரம்பித்திருந்தாள். ஆள் யாரென்று புரிந்துவிட்டது. எழுதியது யார் என்பதுதான் புரியவில்லை.

நேற்று அவள் வட்டம் போட்டு எழுந்த பிறகு முதலாளி வந்திருந்தார். பதிப்பகத்தின் முதலாளி, வீட்டுக்கு அவர் வந்ததே அதுதான் முதல் தடவை. இதே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். அவள் உள்ளே போய் முந்தைய அத்தியாயங்களை எடுத்து வர அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். அஞ்சு நிமிஷத்தில் இரண்டு வாக்கியம் எழுத முடியாதா என்ன? ஆனால் அவருக்கு ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக எழுத வராது என்பது ஊருக்கே தெரியும்.

நாவல் அவளுடையது இல்லை. அலுவலகத்தில் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் 'முற்றுப்புள்ளி' என்று கூப்பிட்ட ஒரு பெரிய எழுத்தாளருடையது. எந்தப் பேச்சையும் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார் மனுஷன், அதனால் அந்தப் பெயர். ஏழு நாவல் எழுதினார். கடைசி ஐந்தும் அவள் கை பட்டு வந்தவை. எட்டாவதில் பன்னிரண்டு அத்தியாயம் முடித்தவர் இரண்டு மாதத்துக்கு முன் மேசையிலேயே சாய்ந்து செத்துப் போனார். மீதி மூன்று அத்தியாயத்தை அவர் நடையிலேயே அவள் எழுத வேண்டும், அட்டையில் அவர் பெயர்தான் வரும், வெளியே மூச்சு விடக்கூடாது. அதற்கு பதிலாக அவளுடைய சிறுகதைத் தொகுப்பை அவள் பெயரிலேயே போடுவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தத் தொகுப்பு மூன்று இடத்திலிருந்து திரும்பி வந்தது. மூன்று கடிதமும் ஒரே பாட்டைத்தான் பாடின: நன்றாக இருக்கிறது, ஆனால் அவர் எழுதியது போலவே இருக்கிறது. தனக்கென்று ஒரு நடை வேண்டும் என்று அவள் எத்தனை ஏங்கியிருப்பாள்! ஒரு தடவை வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டாள், சார், இந்த நடை உங்களுக்கு எப்படி வந்தது என்று.

"தேடிப் போனா வராதும்மா" என்றார் முற்றுப்புள்ளி. "வீட்ல இருக்கறவங்களை உத்துப் பாரு. ரொம்ப உத்துப் பாரு. அது தானா வரும்." பிறகு, அவர் வழக்கத்துக்கு மாறாக, இன்னும் ஒன்று சொன்னார். "அவங்க தாங்கணும், அவ்வளவுதான்."

அப்போது அது ஏதோ தத்துவம் என்று நினைத்து நோட்டில் குறித்துக்கொண்டாள்.

இப்போது ஆசை ஜெயித்தது. யார் எழுதினால் என்ன, தாளில் இருக்கிறது, அழகாக இருக்கிறது. பதினேழு வாக்கியத்தையும் அப்படியே தட்டச்சு செய்து கடைசி அத்தியாயத்தை முதலாளிக்கு அனுப்பினாள். சாயங்காலம் நாலு மணிக்கு மொத்தப் புத்தகமும் அச்சகத்துக்குப் போக வேண்டும். அனுப்பிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. மழை வருகிற மாதிரி இருந்த வானம், ஈரத் துணி வாசனையோடு நெருக்கியடித்து நிற்கும் ஜனங்கள், கம்பியைப் பிடித்துத் தொங்கும் கைகள். கட்டை விரல், சுண்டு விரல், மோதிரம், நகச்சாயம். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவளுக்குச் சட்டென்று நோட்டு ஞாபகம் வந்தது.

எந்த எழுத்தாளருக்கும் ஒரு நோட்டு போட்டு வைப்பது அவள் வழக்கம். ஒருவர் பத்திக்கு மூன்று 'மெல்ல' போடுவார். இன்னொருவர் கதையில் யார் அழுதாலும் மழை பெய்யும். முற்றுப்புள்ளியின் நோட்டுதான் இருப்பதிலேயே தடி. கோபம் என்ற வார்த்தையே எழுத மாட்டார். யாருடைய முகத்தையும் வர்ணிக்க மாட்டார். நாலாம் பக்கத்தில் சிவப்பு மையில் அவளே கட்டம் கட்டி வைத்திருந்த குறிப்பு ஒன்று உண்டு: 'கை. ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு ஆளின் கையை மட்டும் சொல்வார். மூன்று வாக்கியம். முதலாவது, கை என்ன செய்கிறது. இரண்டாவது, நகம். மூன்றாவது, ஒரு தழும்போ மச்சமோ. மூன்றாவது முடிந்ததும் அந்த ஆள் அதற்குப் பிறகு வாய் திறப்பதில்லை. செத்துப் போகிறார்.'

அடுத்த நிறுத்தத்தில் பக்கத்து சீட்டுக்காரர் இறங்கினார். அவள் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். நடை அது, அவ்வளவுதான், என்று சொல்லிக்கொண்டாள். ஒரு எழுத்தாளரின் பழக்கம். பழகிய கை தானாக எழுதியிருக்கிறது, தூக்கக் கலக்கத்தில் நாமே எழுந்து வந்து எழுதியிருப்போம். ஆனாலும் தன் நிறுத்தம் வரும் முன்பே எழுந்து படியருகே போய் நின்றாள்.

அலுவலகத்தில் பை வைத்த கையோடு பின்பக்க அறைக்குப் போனாள். பழைய கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் அங்கேதான், பெட்டி பெட்டியாக. பூச்சி உருண்டை வாசனை, பழைய பசை வாசனை, எப்போதோ கசிந்து காய்ந்த சுவரின் வாசனை, ட்யூப் லைட் எரிவதா வேண்டாமா என்று கண் சிமிட்டிச் சிமிட்டி யோசித்து ஒரு வழியாக எரிந்தது. முற்றுப்புள்ளி தான் எழுதிய ஒவ்வொரு தாளின் அடியிலும் தேதி போடுகிறவர். அவள் பெட்டிகளை இறக்கித் தரையில் உட்கார்ந்தாள்.

முதல் நாவலில் கையே இல்லை. பூவும் நிலவுமாக, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய சாதாரண எழுத்து. இரண்டாவதில்தான் அந்த நடை பிறந்தது. இரண்டாவது நாவலின் சமர்ப்பணம் அவருடைய தம்பிக்கு, மறைந்த தம்பியின் நினைவுக்கு. தம்பியைப் பறிகொடுத்த துக்கம்தான் அவர் நடையைச் செதுக்கியது என்று எழுதாத விமர்சகர் கிடையாது. அவளும் அதைப் படித்துக் கண் கலங்கியிருக்கிறாள்.

தம்பி செத்த தேதி சமர்ப்பணத்திலேயே இருந்தது. கை வரும் தாளை எடுத்து அடியில் பார்த்தாள். அது ஆறு வாரம் முந்திய தேதி.

மூன்றாவது நாவல், மனைவி. கை, பிப்ரவரி. சமர்ப்பணம், மே. நாலாவது, பக்கத்து வீட்டு நண்பர். ஐந்தாவது, மாமியார். அவள் வேகமாகப் புரட்டினாள், தாள் விளிம்பு விரலைக் கீறியது.

ஆறாவது நாவல். அவருடைய டிரைவர்.

அந்த டிரைவரை அவளுக்குத் தெரியும். கையெழுத்துப் பிரதி இருந்த இதே பெட்டியைத் தலையில் வைத்து மாடி ஏறிக் கொண்டுவந்ததே அவர்தான். அவள் தண்ணீர் கொடுத்தாள். டம்ளரை வாங்கிய கையில் கட்டை விரல் நகம் கன்றிக் கறுத்திருந்தது, கார் கதவில் நசுங்கிடுச்சும்மா என்று சிரித்தார். கறுத்த கட்டை விரல் நகம் நாற்பத்தெட்டாம் தாளில் இருந்தது. அந்தத் தாள் அவர் சுமந்து வந்த பெட்டிக்குள் இருந்தது. ப்ரூஃப் திருத்தி முடித்த கடைசி நாளில்தான் மறைந்த டிரைவரின் நினைவுக்கு என்று சமர்ப்பணப் பக்கத்துக்கான துண்டுச் சீட்டு வந்தது, எல்லாப் புத்தகத்துக்கும் அப்படிக் கடைசியில்தான் வரும், அதுவரை அந்தப் பக்கம் காலியாகவே கிடக்கும். ஏன் சார் கடைசி வரைக்கும் வெச்சிருக்கீங்க என்று அவள் ஒரு தடவை கேட்டதற்கு முற்றுப்புள்ளி, "யாருக்குன்னு தெரிய வேண்டாமா?" என்றார்.

அது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

ஏழாவது, அவர் குடும்ப டாக்டர். எட்டாவது, இந்த நாவல், பன்னிரண்டு அத்தியாயத்தில் யாருடைய கையும் இல்லை. வீட்டில் ஆள் மிச்சமில்லையே. கடைசித் தாளில் மட்டும், கதைக்குச் சம்பந்தமே இல்லாமல், பேனா பிடித்திருக்கும் ஒரு கிழவனின் கை. நகம். நடு விரலின் காய்ப்பு. மூன்று வாக்கியம். தேதி, அவர் சாவதற்கு முந்தின நாள்.

"என்ன தேடுற?"

வாசலில் முதலாளி நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. அவள் தாள்களை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"சும்மா சார். ஒரு சந்தேகம் பார்த்துக்கலாம்னு."

"காலையில அனுப்பினதைப் படிச்சேன். கடைசியில அந்தக் கை வருதே, அசந்துட்டேன். அவரே எழுதினது மாதிரி இருக்கு." அவர் கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டார். "சமர்ப்பணப் பக்கம் மட்டும் காலியா கிடக்கு. அவர்தான் இல்லையே, நீயே சொல்லிடு. யாருக்குப் போடலாம்?"

"யாருக்கும் வேண்டாம் சார்."

"சேச்சே, வெறுமையா விட்டா நல்லாவா இருக்கும்?" அவர் போகத் திரும்பினார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி, "அக்கா நல்லா இருக்காங்களா? நேத்து டீ கொடுத்தப்ப பார்த்தேன். மணிக்கட்டுல என்னமோ வெள்ளை வெள்ளையா புள்ளி. சுட்டுக்கிட்டாங்களா?"

இவருக்கு எதற்கு அக்காவின் மணிக்கட்டு? எதற்காக நேற்று வந்தார்? ஏழு புத்தகத்துக்கும் சமர்ப்பணத் துண்டுச் சீட்டை வாங்கிக் கொடுத்தவர் இவர்தானே, ஒரு தடவைகூடவா தேதியைப் பார்த்திருக்க மாட்டார்? இல்லை, பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருந்தாரா? அவர் செருப்புச் சத்தம் வராந்தாவில் போய் மறைந்தது.

அந்தப் புள்ளிகள் எண்ணெய் தெறித்தவை. அவளுக்கு நாலு வயது, அக்காவுக்குப் பதினொன்று. அடுப்பிலிருந்த எண்ணெய்ச் சட்டியை அவள் எட்டி இழுத்தபோது அக்கா குறுக்கே கை விட்டுத் தள்ளினாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தன் படிப்பை நிறுத்தி அவளைப் படிக்க வைத்ததும் அந்தக் கைதான். உலகத்தில் அவளுக்கென்று இருக்கிற ஒரே ஆள் அக்கா. அவளைப்போய் பார்த்து எழுதினாளே! தன்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று தோன்றியது அவளுக்கு.

மூன்றாவது இன்னும் எழுதப்படவில்லை. அதுதான் முக்கியம். அவள் தன் இடத்துக்கு ஓடினாள். ஃபைலைத் திறந்தாள். இரண்டு வாக்கியத்தையும் அழித்தாள். எண்ணினாள். பதினைந்து. மறுபடி எண்ணினாள். பதினைந்துதான். 'திருத்திய பிரதி, இதை மட்டும் பயன்படுத்தவும்' என்று தலைப்புப் போட்டு முதலாளிக்கு அனுப்பிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டாள்.

"என்னடி, இந்த நேரத்துல? இருங்க சார், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான், அந்தப் பக்கம் பாருங்க. ம், சொல்லு."

"அக்கா, இன்னைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போ. இப்பவே பர்மிஷன் போடு."

"ஏன், என்னாச்சு? உடம்பு ஏதாவது..."

"ஒண்ணுமில்ல. ரோட்டைப் பார்த்துக் கிராஸ் பண்ணு. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திட்டு உக்காந்திரு, எங்கயும் போகாதே. அடுப்புப் பக்கம் போகாதே."

"அடடா, என் தங்கச்சிக்கு என் மேல திடீர்னு பாசம் பொத்துக்கிச்சே! காலையில வாயை மூடுன்னு விரட்டினவதானே நீ?" அக்கா சிரித்தாள். "சரிடி, போறேன். உனக்கும் டீ போட்டு வெக்கிறேன். நேரத்தோட வா." பின்னால் பஞ்சு டப்பாவின் மூடி விழும் சத்தம் கேட்டது. அவள் போனை வைக்க மனமில்லாமல் வைத்தாள்.

மத்தியானம் நகரவே இல்லை. மூன்று மணிக்கு அக்காவிடமிருந்து செய்தி வந்தது, வீட்டுக்கு வந்துட்டேன், கதவைச் சாத்திட்டேன், போதுமா மகாராணி. படித்ததும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மழை தூறி நின்றது. உடம்பெல்லாம் பஞ்சாகிவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேசைப் போன் அடித்தது. பக்கம் கட்டுகிற லேஅவுட் அண்ணன், கீழ்த் தளத்திலிருந்து.

"அம்மா, எல்லாம் முடிஞ்சிடுச்சு. கடைசிப் பக்கத்துல மட்டும் ரெண்டு வரி இடம் மொட்டையா நிக்குது. ஒரு வாக்கியம் சொல்லுங்க, அடைச்சிட்டு அனுப்பிடறேன்."

இது அவள் பதினாறு வருஷமாகச் செய்கிற வேலை. பக்கம் குறைந்தால் ஒரு வாக்கியம் சேர்ப்பது, வழிந்தால் ஒன்றை எடுப்பது. எழுத்தாளர்களுக்கே தெரியாமல் எத்தனை நாவல்களில் அவள் வாக்கியங்கள் இருக்கின்றன! பத்தி எந்த வார்த்தையில் முடிகிறது என்று முதலில் கேட்பாள். எப்போதும் கேட்பாள். அன்று கேட்கவில்லை. கடைசிப் பத்திதான் மனப்பாடமாயிற்றே, இப்போதுதானே திருத்தி அனுப்பினோம் என்ற நிம்மதியில் கண்ணை மூடினாள். வாக்கியம் முழுசாக வந்து நாக்கில் நின்றது. அளவு கச்சிதம்.

"எழுதிக்கோங்கண்ணே. 'மணிக்கட்டில், என்றோ தெறித்த எண்ணெயின் ஐந்து வெள்ளைப் புள்ளிகள் அவளோடு வளராமல் ஒரு சிறுமியின் கையிலேயே நின்றுவிட்டிருந்தன.'"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

"ஆகா" என்றார் லேஅவுட் அண்ணன். விசைப்பலகை தடதடவென்று ஓடி நின்றது. "கரெக்டா உக்காந்துடுச்சும்மா. சேர்த்து ஒரு தடவை படிச்சிடறேன், கேளுங்க. 'பேச்சை நிறுத்தும் முன் அவள் விரல்கள் மேசையை இரண்டு முறை தட்டின...'"

"அது எப்படி அங்க இருக்கு?"

"எது?"

"அண்ணே, அதை எடுத்துட்டேனே! புதுசா அனுப்பினேனே!"

"காலையில சார் கொடுத்த ஃபைல்தாம்மா என்கிட்ட இருக்கு. புதுசு எதுவும் வரலையே."

"எடுங்க. மூணையும் எடுங்கண்ணே. இப்பவே, ப்ளீஸ்!"

மறுமுனையில் யாரோ பேசினார்கள். லேஅவுட் அண்ணன் திரும்ப வந்தபோது குரல் தயங்கியது. "போயிடுச்சும்மா. சார் இங்கதான் நின்னுட்டு இருந்தார். அவரே பட்டனைத் தட்டிட்டார். நல்லாத்தானே இருந்துச்சு?"

பஸ்ஸுக்கு நிற்கவில்லை. கிடைத்த ஆட்டோவில் ஏறினாள். அக்காவுக்குப் போன் அடித்தாள். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. பாத்ரூமில் இருப்பாள். டிவி சத்தமாக வைத்திருப்பாள். தூங்கியிருப்பாள். அக்கா பகலில் தூங்க மாட்டாள். மூன்றாவது தடவை. மணி முழுசாகப் போய்த் தானாக நின்றது. சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஈர ரோட்டின் வாசனை. முன்னால் ஹேண்டில் பிடித்திருந்த டிரைவரின் கை கண்ணில் பட்டது. அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாடிப் படி. இரண்டிரண்டாக ஏறினாள். கதவு சாத்தியிருந்தது. சாவியைப் போட்டுத் திறந்தாள். உள்ளே டீ வாசனை.

டக், டக்.

சமையலறையிலிருந்து. மரத்தில் விரல் தட்டும் சத்தம்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே சுவரில் சாய்ந்துவிட்டாள். "அக்கா! போனை எடுக்க மாட்டியா நீ? என்னைக் கொல்லப் பார்க்கிறியா?"

சாவியைப் பைக்குள் போட்டுக் கதவைச் சாத்தினாள்.

டக், டக்.

"அக்கா?"

ஃப்ரிட்ஜ் முனகியது. குழாய் சொட்டியது. ஒன்று. நாலைந்து நொடி. இன்னொன்று. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்தாள். ஹால். ஸ்பிரிட் வாசனை. சமையலறை வாசல்.

அக்கா மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதுகு தெரிந்தது. வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை. எதிரே இரண்டு டம்ளர் டீ, இரண்டிலும் ஆடை கட்டியிருந்தது. சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து தோளில் விழுந்திருந்தது.

"அக்கா, திரும்பேன்."

திரும்பவில்லை.

அவள் பக்கத்தில் போனாள். தோளைத் தொட்டாள். கோட்டுத் துணிக்கு அடியில் தோள் ஜில்லென்று இருந்தது. சுற்றி வந்து முகத்தைப் பார்த்தாள். கண் திறந்திருந்தது. வாய் ஏதோ சொல்ல ஆரம்பித்த இடத்திலேயே நின்றிருந்தது. அவள் கன்னத்தில் கை வைத்தாள், மூக்கருகே விரல் வைத்தாள். மூச்சு இல்லை. எத்தனையோ நேரமாக இல்லை.

"அக்கா. ஏதாவது பேசு அக்கா. திட்டேன். காலையில சொன்னது சும்மாக்கா, பேசு, நாள் பூரா பேசு." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "பேசு!"

பைக்குள் போன் நடுங்கியது. தரையில் விழுந்த பையிலிருந்து பாதி எட்டிப் பார்த்த திரையில் முதலாளியின் செய்தி: சமர்ப்பணப் பக்கத்துக்கு மட்டும் அச்சகம் காத்திருக்கிறது. யாருக்கு என்று இப்போது சொல்லிவிடலாமா?

மேசையில் காலையில் விட்டுப் போன தாள் இருந்தது. நீல மையில் கடைசி வரி இன்னும் ஈரமாக மினுங்கியது. அவள் எண்ணவில்லை. எண்ண வேண்டியிருக்கவில்லை. மூலையில் பென்சில் வட்டத்துக்குள் பதினெட்டு என்று இருந்தது, அவளுடைய கையெழுத்தில்.

தாளுக்குப் பக்கத்தில் அக்காவின் வலது கை. ஒட்ட வெட்டிய நகம். ஓரத்தில் வெள்ளைப் பொடி. மணிக்கட்டில் ஐந்து புள்ளி.

அவள் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் பொத்தி வைத்துக்கொள்ளக் குனிந்தாள். தொடும் முன் ஆள்காட்டி விரல் மெதுவாக நிமிர்ந்தது. மற்றது எதுவும் அசையவில்லை, கண் அசையவில்லை, வாய் அசையவில்லை. விரல் மட்டும் மேசையைத் தட்டியது, இரண்டு முறை. நின்றது. நரம்பு கிடைக்காதவள் மாதிரி சற்றுத் தள்ளிப் போய், குனிந்தவளின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, அதன்மேல் இரண்டு முறை தட்டியது.